உழுகிற மாட்டை அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க



இந்த முறை முந்திரியும் இல்லை, மழையும் இல்லை. கம்ப்யூட்டர் பற்றி எழுதப் போகிறேன். பத்தாவது படிச்ச ஆண்டிமடத்து விவசாயிக்கு அதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. போறது எங்க ஜனங்க காசு. அதனால நான் பேசத்தான் செய்வேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வந்தது, பத்து வருஷம் ஓடியது, முடிந்தது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிக்கலாமேன்னு பார்த்தா அதுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஆகாதாம். டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்பு வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கணும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக் கூடாது. 2017-க்கு முன்னாடி வாங்கின பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் வராது. கெட்டுப் போனதால இல்லை. பட்டியலில் பேர் இல்லை, அவ்வளவுதான்.

எங்க கொல்லையில ஒரு மோட்டார் இருக்கு. வாங்கி இருபது வருஷம் ஆகுது. காயில் கருகினா ஜெயங்கொண்டத்துல கொடுத்துக் காயில் கட்டிட்டு வருவோம். பேரிங் போனா பேரிங் மாத்துவோம். தண்ணி இறைக்குது. நாளைக்கு அந்த மோட்டார் கம்பெனி, "இந்த மாடலுக்கு எங்க ஆதரவு முடிஞ்சது, புது மாடல் வாங்கிக்கோங்க"ன்னு தேதி போட்டு அறிவிச்சா நாம ஒத்துக்குவோமா? உழுகிற மாட்டை யாராவது அடிமாட்டுக்கு ஓட்டுவாங்களா? கம்ப்யூட்டர்ல மட்டும் இதை எல்லாரும் தலையாட்டி ஏத்துக்கிறாங்க. படிச்சவங்கதான் முதல்ல தலையாட்டுறாங்க. எனக்கு ஆத்திரமே அதுலதான்.

கடைக்காரர் சொல்லும் மூணு வழி

எங்க தெருவுல ஒரு பொண்ணு குரூப் 4 பரீட்சைக்குப் படிக்குது. அப்பா இல்லை. அம்மா முந்திரி உடைக்கப் போறாங்க. அரசுப் பள்ளிக்கூடத்துல கொடுத்த லேப்டாப் வீட்டுல இருக்கு. திரை பளிச்சுன்னு இருக்கு, கீபோர்டு நல்லா இருக்கு, ஆனா விண்டோஸ் திறக்கவே கால் மணி நேரம் ஆகுது. கடைக்கு எடுத்துட்டுப் போனாங்க. "இது இனிமே ஆகாதும்மா. புதுசு 35 ஆயிரத்துக்கு முடிச்சுத் தரேன், தவணை இருக்கு"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த அம்மா மகளிர் குழுவுல கடன் எடுக்கலாமான்னு எங்க வீட்டுல வந்து யோசனை கேட்டாங்க. ஏற்கெனவே வாராவாரம் ஒரு கடனுக்குக் கட்டிக்கிட்டு இருக்காங்க. அதுக்கு மேல இது.

முதல் வழி இதுதான், புதுசு வாங்குறது. எங்க ஊர்ல 35 ஆயிரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியணும். கொட்டை உடைக்கிற கைக்கு அது பல மாசக் கூலி.

இரண்டாவது வழி, "ஐநூறு கொடுங்க, விண்டோஸ் போட்டுத் தரேன்." அது திருட்டு விண்டோஸ். உரிமத்தோடு வாங்கினா கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய் ஆகிற பொருளை ஐநூறுக்கு யார் கொடுப்பா? பூட்டை உடைக்க ஒரு சின்ன மென்பொருளை ஓட விடுவாங்க. அது ஓடணும்னா முதல்ல வைரஸ் தடுப்பை நிறுத்தணும். காவல் நாயைக் கட்டிப் போட்டுட்டு ஊர் பேர் தெரியாதவனை உள்ளே விடுற கதை. உள்ளே வந்தவன் வேற எதைத் தொட்டான்னு கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதே கம்ப்யூட்டர்லதான் பேங்க் கணக்கும் பார்க்கிறோம்.

மூணாவது, "அப்படியே விடுங்க, ஓடுற வரைக்கும் ஓடட்டும்." ஓடும். ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் கிடையாது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் ஒரு நீட்டிப்பு அறிவிச்சிருக்கு. ஒரு வருஷ வாய்தா. அதுக்கப்புறம்?

இந்த மூணு வழியைத் தவிர நாலாவதா ஒண்ணு இருக்குன்னு அந்தக் கடையில சொல்லவே இல்லை.

நாலாவது வழி

லினக்ஸ். இதைப் போட உரிமக் கட்டணம் கிடையாது, திருட்டும் கிடையாது. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற மென்பொருளைத்தான் உருவாக்குவது என்று. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற கல்லூரி மாணவர் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். கெர்னல் என்றால் இயங்குதளத்தின் இன்ஜின். இரண்டும் சேர்ந்துதான் இன்றைக்கு உபுண்டு, டெபியன், லினக்ஸ் மிண்ட் என்று பல பேரில் கிடைக்கிறது.

எனக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகலை. ஏன்னா விதையில இதே கதையை நாங்க பார்த்தவங்க. பக்கத்துப் பெரம்பலூர்ல பருத்தியும் மக்காச்சோளமும் ஏராளம். ஒவ்வொரு பட்டத்துக்கும் விதையைக் கடையிலதான் வாங்கணும். எடுத்து வச்சு விதைச்சா அதே மகசூல் வராது. விலையைக் கம்பெனி சொல்லும், நாம கட்டணும். 2019-ல் குஜராத்தில், தன்னுடைய உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டார்கள் என்று பெப்சி நிறுவனம் விவசாயிகள் மேல் வழக்கே போட்டது. நாலு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்ட ஈடு கேட்டது. நாடே சத்தம் போட்ட பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றது.

இன்னொரு பக்கம் நெல் ஜெயராமன் செய்ததைப் பாருங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி, வர்ற விவசாயிக்குப் பாரம்பரிய நெல் விதை 2 கிலோ கொடுப்பார். காசு வேண்டாம். அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுக்கணும், அது இன்னொருத்தருக்குப் போகும். 2018-ல் அவர் இறந்துட்டார். அவர் பரப்பின நெல் இன்னும் வயல்ல நிக்குது.

லினக்ஸ் கெர்னலின் உரிமமும் கிட்டத்தட்ட இந்த 2 கிலோ, 4 கிலோ கணக்குதான். வாங்கிக்கோ, பயன்படுத்து, உன் மண்ணுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ. மாத்தினதை அடுத்தவனுக்குக் கொடுத்தா, நீ எந்த உரிமையோட வாங்கினியோ அதே உரிமையோட கொடு. பூட்டிக் கொடுக்காதே. கட்டற்ற மென்பொருள்னு இதைத்தான் தமிழ்ல சொல்றாங்க. இலவசம் என்கிறது இதுல ரெண்டாவது விஷயம். என் பெட்டி எப்ப சாகணும்னு அடுத்தவன் தேதி குறிக்க முடியாது என்கிறதுதான் முதல் விஷயம்.

கொடுத்தாங்க, சொல்லிக் கொடுக்கலை

இப்போ எங்க வயித்தெரிச்சலுக்கு வரேன்.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 2006, 2007 வாக்கிலேயே எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2007-ல் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். சென்னையில் உருவானது, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு என்றே செய்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பொத்தானை அமுக்கினா எது வேணும்னு கேக்கும். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே மாதிரி ஆயுள் முடிஞ்சப்போ, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே சொன்னது. 2018-ல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸோடு சேர்த்து உபுண்டுவுக்கும் பாடம் வைத்தார்கள்.

மெஷின் கொடுத்தாச்சு, இயங்குதளம் கொடுத்தாச்சு, புத்தகத்துல பாடமும் போட்டாச்சு. ஆனா எங்க ஊர்ப் பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. "அந்த பாஸா? அது எதுக்குன்னு தெரியலை, கடையில கொடுத்து அழிச்சுட்டோம்"னு சொல்லுவாங்க. நான் கேட்ட பிள்ளைங்கள்ல பத்துல எட்டு இதையேதான் சொல்லிச்சு. அழிக்கிறதுக்கும் காசு கொடுத்திருக்காங்க. வயல்ல வாய்க்கால் வெட்டி, மதகும் கட்டி, திறக்கிற சாவியைக் கொடுக்காம போன மாதிரி ஆச்சு.

கேரளாவைப் பாருங்க. நம்மள மாதிரிதான், அதே விண்டோஸ் அங்கேயும் இருந்தது. 2001-ல் பள்ளிகளுக்கான ஐடி திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பிறகு முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாத்தினாங்க. இப்போ கைட் என்ற பேரில் நடக்குது. முக்கியமா, முதல்ல வாத்தியார்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க ஐடி செய்முறைத் தேர்வே லினக்ஸ்லதான் எழுதுது. 2019-ல் ரெண்டு லட்சத்துக்கு மேல் பள்ளிக் கணினிகளுக்குப் புதுப் பதிப்பு போட்டப்போ, உரிமக் கட்டணத்துல 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு கைட் கணக்குச் சொன்னது. அந்தப் பிள்ளைங்களுக்கும் நம்ம பிள்ளைங்களுக்கும் மூளையில வித்தியாசம் இல்லை. அங்கே உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க.

இப்போ 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்துல மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று 2025 பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. நல்லது, வாங்கிக்குவோம். கூடவே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு வாரம் லினக்ஸ் வகுப்பு நடத்தலைன்னா, இன்னும் ஏழெட்டு வருஷத்துல இதே கதையை நான் திரும்ப எழுதணும்.

நீங்க சொல்லுற சாக்குகள்

"லினக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் இன்ஜினியருங்களுக்கு." உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன் லினக்ஸ் கெர்னல் மேலதான் ஓடுது. எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற ஆயா வரைக்கும் தினம் அதைத் தேய்க்குது. உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் எல்லாமே 2017 நவம்பரிலிருந்து லினக்ஸ்தான். நம்ம பாதுகாப்பு அமைச்சகமே 2023-ல் உபுண்டுவை வச்சு மாயா என்ற இயங்குதளத்தைச் செய்து தன் கணினிகளுக்குப் போட ஆரம்பிச்சது.

"சும்மா கிடைக்கிறது தரமா இருக்காது." விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 முந்திரி எங்க பக்கம் கொல்லை கொல்லையா நிக்குது. காய்க்கிற மரத்துல ஒட்டுக்குச்சி வெட்டிக் கொடுன்னு கேட்டா பக்கத்துக் கொல்லைக்காரர் காசு வாங்கமாட்டார். அதனால கொட்டை சிறுத்தா போச்சு?

"தமிழ்ல அடிக்க முடியாது." இந்தக் கட்டுரையை லினக்ஸ் மிண்ட்லதான் அடிக்கிறேன், தமிழ்99 விசைப்பலகையில. உள்ளீட்டு முறை அமைப்புல தமிழைச் சேர்த்தா வந்துடுது. யூனிகோடு எழுத்து எல்லாம் தானா தெரியும்.

"என் வேலைக்கு ஆகாது." இது சிலருக்கு உண்மை. மறைக்க மாட்டேன். டேலி விண்டோஸுக்குத்தான் செஞ்சது. போட்டோஷாப் வராது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சு டெண்டர் போடுறவங்களுக்குச் சில தளங்கள்ல சிக்கல் வரும். சில பழைய பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல உள்ள கோப்புகளை, அந்த எழுத்துருவைப் போட்டாப் படிச்சுடலாம், ஆனா அதுலயே தட்டச்சு செய்யிறது சிரமம். டிடிபி சென்டர் வச்சிருக்கிறவர் விண்டோஸ்லயே இருக்கட்டும். நான் அவரைக் கூப்பிடலை.

ஆனா வீட்டுல என்ன செய்யிறோம்? பட்டா, சிட்டா பார்க்கிறோம். பரீட்சைக்கு விண்ணப்பம் போடுறோம். யூடியூப்ல பாடம் பார்க்கிறோம். கணக்கு எழுதுறோம், மனு அடிக்கிறோம். இதுக்கு வேண்டியது ஒரு பிரவுசரும் லிப்ரே ஆபீஸும்தான். பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் மிண்ட் கூடவே வருது. எத்தனை மூட்டை கொட்டை போட்டேன், எவ்வளவு கூலி கொடுத்தேன்னு என் கணக்கு முழுக்க லிப்ரே ஆபீஸ் கால்க்லதான் இருக்கு.

எப்படிச் செஞ்சோம்

அந்தப் பொண்ணோட லேப்டாப்பை ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையில வச்சு மாத்தினோம். முதல்ல படம், புத்தகம், சான்றிதழ் நகல் எல்லாத்தையும் வெளியே ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சோம். இதை விடவே கூடாது, புது இயங்குதளம் போடும்போது பழைய டிஸ்க் துடைச்சு போயிடும். அப்புறம் மிண்டின் இணையதளத்துல இருந்து எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தரவிறக்கி, இன்னொரு 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தினோம். மிண்ட்ல இலேசான பதிப்பு அது. 2 ஜிபி ராம் இருந்தாலே போதும், இந்த லேப்டாப்ல 4 ஜிபி இருந்தது. வெறுமனே காப்பி பண்ணா ஆகாது, எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளை வச்சு எழுதணும்.

பென்டிரைவைச் சொருகி, ஆன் பண்ணும்போது பூட் மெனுவைத் திறந்து அதைத் தேர்ந்தெடுத்தா, டிஸ்கைத் தொடாமலே மிண்ட் ஓடும். வைஃபை வருதா, சத்தம் வருதா, கேமரா தெரியுதான்னு எல்லாம் பார்த்துக்கலாம். பிடிக்கலைன்னா பென்டிரைவைப் பிடுங்கிட்டா பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வண்டியை ஓட்டிப் பார்த்துட்டு வாங்குற மாதிரி. எல்லாம் சரியா இருந்தது, நிறுவச் சொன்னோம். ஒரு டீ குடிச்சு, முந்திரிக் கன்னுக்குத் தண்ணி விட்டுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். மொத்தச் செலவு அவ்வளவுதான். கால் மணி நேரம் ஆனது இப்போ அரை நிமிஷம். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அது முடிஞ்சா அடுத்த பதிப்பு, அதுக்கும் காசு கிடையாது.

குழுக் கடன் எடுக்கலை. அந்தப் பொண்ணு தினம் ராத்திரி அதுலதான் பழைய வினாத்தாள் போட்டுப் பார்க்குது.

சென்னையில, பெங்களூர்ல இருக்கிறவங்களுக்கு

கடைசியா உங்ககிட்ட வரேன். என்னைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஐடி கம்பெனியில இருக்கீங்க. நீங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வேலை பார்க்கிற சர்வர்ல பெரும்பாலும் ஓடுறது லினக்ஸ்தான். அதை வச்சுத்தான் உங்களுக்குச் சம்பளம். ஆனா ஊருக்கு வந்தா, தம்பி மகன் பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்து காட்டினா, "இதெல்லாம் தூக்கிப் போடுடா, புதுசு வாங்கு"ன்னு சொல்றீங்க. இல்லைன்னா அதே ஐநூறு ரூபாய்க் கடைக்கு அனுப்புறீங்க. தெரியாதவன் சொன்னா பொறுத்துக்கலாம். தெரிஞ்ச நீங்க சொன்னா அந்தப் பையன் வேற யாரைக் கேப்பான்?

உங்களை விட்டா ஆளே இல்லைன்னு நினைக்காதீங்க. சென்னையில லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கு. விழுப்புரத்துல இளைஞர்கள் சேர்ந்து குனு லினக்ஸ் பயனர் குழு நடத்தி, கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் காசு வாங்காம சொல்லிக் கொடுக்கிறாங்க. கணியம் தளத்துல 2012-லிருந்து எல்லாத்தையும் தமிழ்லயே எழுதி வச்சிருக்காங்க, மின்னூலாவும் சும்மா கிடைக்குது. செய்யிறவங்க செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா ஒவ்வொரு ஊருக்கும் ஒருத்தர் வேணும்.

உங்க அபார்ட்மென்ட்ல குப்பைக்குப் போகப் போற விண்டோஸ் 10 லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க. உங்க விவரத்தை எல்லாம் துடைச்சுட்டு, மிண்ட் போட்டு ஊருக்கு எடுத்துட்டு வாங்க. கொடுக்க லேப்டாப் இல்லைன்னா பொங்கலுக்கு வரும்போது மிண்ட் ஏத்தின ஒரு பென்டிரைவ் மட்டும் சட்டைப் பையில போட்டுட்டு வாங்க. உங்க தெருவுல பரண் மேல கிடக்கிற அரசு லேப்டாப் எத்தனைன்னு கேளுங்க. ஒரு நாள்ல மூணு மாத்திடலாம். மாத்தும்போது நீங்களே செஞ்சு முடிச்சுக் கொடுக்காதீங்க. அந்தப் பிள்ளையை உட்கார வச்சு, அது கையாலேயே செய்யச் சொல்லுங்க. அடுத்த வீட்டு லேப்டாப்பை அந்தப் பிள்ளை பார்த்துக்கும்.

2 கிலோ வாங்கினவங்க நீங்க. 4 கிலோ பாக்கி இருக்கு.